குளம்பு வளர்ந்த குதிரையும் கூட இருந்த கொக்கும்

ஒரு காட்டோரக் குளக்கரையில் செவலை என்ற குதிரையும் அல்லி என்ற உண்ணிக்கொக்கும் சேர்ந்து இருந்தன. செவலை புல் மேயும். அது கால் எடுத்து வைக்கிற இடத்திலெல்லாம் வெட்டுக்கிளிகள் துள்ளும். அல்லி ஓடி ஓடிப் பிடித்துத் தின்னும். வயிறு நிறைந்ததும் செவலையின் முதுகில் ஏறி உட்கார்ந்து, காதோரம் ஒட்டியிருக்கும் உண்ணிகளைப் பொறுக்கும். குதிரைக்கு அரிப்பு போனது, கொக்குக்குப் பசி போனது. காட்டில் இருந்தவர்கள் இதை நல்ல நட்பு என்றார்கள். நட்புதான், பொய் இல்லை. ஆனால் அந்த நட்புக்குள் ஒரு பயமும் இருந்தது. அது அல்லிக்கு மட்டும்தான் தெரியும்.

கோடை வந்தால் அந்தக் குளம் வற்றிவிடும். மான்களும் பன்றிகளும் பாறை மலையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஓடும் ஆற்றுக்குப் போய்விடும். செவலையும் அவற்றோடு போகும். ஆற்றங்கரையிலோ எருமைகள் ஏராளம், கொக்குகளும் ஏராளம். வம்புக்காரக் கொக்குகள். அல்லியைக் கண்டதும் கொத்தித் துரத்திவிட்டுச் செவலையின் முதுகில் அவை ஏறி உட்கார்ந்துகொள்ளும். அல்லி தூரத்தில் ஒரு கல்லின்மேல் நின்று, தன் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதைக் கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். மழை வந்து குளம் நிரம்பிச் செவலை திரும்பும்வரை அதற்கு அரை வயிறுதான்.

அதனால் கோடை என்ற சொல்லே அல்லிக்கு ஆகாது.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. குளம் கரை தளும்பியது. கரை முழுக்கச் சேறும் பசும்புல்லுமாகக் கிடந்தது. செவலைக்கு நின்ற இடத்திலேயே தீனி. காலை அசைக்கவே தேவையில்லை. கல்லிலும் மண்ணிலும் நடந்தால் குளம்பு தானாகத் தேயும். சேற்றில் நின்றால் எப்படித் தேயும்? அது பாட்டுக்கு வளர்ந்தது. முன்னங்கால் குளம்புகள் இரண்டும் நீண்டு, நுனி மேலே வளைந்து, அந்தக் காலத்துச் செருப்பின் மூக்கு மாதிரி ஆகிவிட்டன.

அதை முதலில் கவனித்தது பேச்சி. பேச்சி என்பது கடமான் கூட்டத்தை நடத்திப் போகும் பெண் மான். தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் செவலை நடப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

"என்னண்ணே, ஒருமாதிரி நடக்குறீங்க? காலை எடுத்து வைக்கும்போது தடுக்குதே!"

"சேறு, அதான்," என்றது செவலை.

"சேறு இல்லை, குளம்பு. இப்படியே விட்டா பாறை ஏற முடியாது. நம்ம ஊசியப்பன் மேஸ்திரிகிட்ட சொல்லி வைக்கட்டுமா? அவர் கடிச்சுச் சீர் பண்ணிவிட்டார்னா பழையபடி ஆயிடும். எங்க மந்தையில எத்தனை பேருக்குப் பண்ணிவிட்டிருக்கார்!"

ஊசியப்பன் என்பது பாறை இடுக்கில் வளை வைத்திருக்கும் முள்ளம்பன்றி. சிடுசிடுப்பான ஆள். ஆனால் தொழிலில் குறை சொல்ல முடியாது. அந்தக் காட்டில் யாருக்குக் குளம்பு வளர்ந்தாலும் அதன் பல்தான் அரம். செவலை கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரி என்றது. முதுகில் உட்கார்ந்திருந்த அல்லிதான் உண்ணி பொறுக்குவதை நிறுத்திவிட்டது.

குளம்பு சரியானால் செவலை மலை ஏறும். மலை ஏறினால் ஆறு. ஆறு என்றால் அந்த வம்புக்காரக் கொக்குகள். குளம்பு சரியாகாவிட்டால்? அல்லி குளத்தைத் திரும்பிப் பார்த்தது. கண்ணுக்கெட்டியவரை தண்ணீர். இவ்வளவு தண்ணீரும் எங்கே வற்றப் போகிறது? இந்த வருஷம் போகாமலே இருந்துவிடலாமே! செவலைக்கும் அலைச்சல் மிச்சம். இப்படி யோசிக்க யோசிக்க, தான் நினைப்பது செவலையின் நல்லதுக்குத்தான் என்று அல்லியே நம்பிவிட்டது. அதுதான் இதில் மோசமான விஷயம்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் ஊசியப்பன் வந்தது. வந்ததும் நலம் விசாரிக்கவில்லை. நேரே குனிந்து குளம்பைப் பார்த்தது, முகர்ந்தது, பல்லால் லேசாகத் தட்டிப் பார்த்தது.

"ரொம்ப வளரவிட்டுட்டியே தம்பி. முன்னாடியே கூப்பிட்டிருக்க வேண்டாமா?"

"வலிக்குமா மேஸ்திரி?" என்று கேட்டது செவலை. அது கேட்ட விதத்திலேயே பயம் தெரிந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. செவலை ஒரு காலத்தில் ஊருக்குள் ஜட்கா வண்டி இழுத்தது. அங்கே லாடம் கட்டுகிறவன் கயிறு போட்டுக் கீழே தள்ளி, காலை மடக்கிப் பிடித்து, இரும்பை வைத்து ஆணி இறக்குவான். ஒரு தடவை ஆணி கோணலாக இறங்கிக் குளம்புக்குள் இருக்கும் உயிர்ச்சதையில் ஏறிவிட்டது. வண்டிக்கு ஆள் வருவது நின்ற பிறகு சொந்தக்காரன் செவலையைக் காட்டோரத்தில் அவிழ்த்துவிட்டான். லாடங்களும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அந்த வலியின் நினைப்பு மட்டும் கழலவில்லை. மரங்கொத்தி கொத்துகிற சத்தம் கேட்டால்கூடச் செவலைக்குத் தோல் சிலிர்க்கும்.

"செத்த குளம்பைத்தான் கடிப்பேன். நகம் வெட்டினா வலிக்குமா?" என்றது ஊசியப்பன். "ஆனா ஒண்ணு கேட்டுக்க. ஒரே நாள்ல ஆகுற வேலை இல்லை இது. குளம்பு நீண்டா உள்ளே இருக்குற உசிர்ச்சதையும் கூடவே நீண்டு வந்திருக்கும். இன்னைக்குக் கொஞ்சம் எடுப்பேன். நீ அதோட நடக்கணும். நடக்க நடக்க உசிரு உள்ளே போகும். அப்புறம் மறுபடி வந்து கொஞ்சம் எடுப்பேன். இப்ப ஆரம்பிச்சாத்தான் கோடைக்குள்ள முடியும்."

"உங்களுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். என் பல்லும் வளர்ந்துக்கிட்டேதான் இருக்கும். எதையாவது கடிச்சுத் தேய்க்காட்டி வாயை மூட முடியாது. உன் குளம்பும் தேயும், என் பல்லும் தேயும். காலை நீட்டு."

செவலை மெல்லப் படுத்தது. ஒரு முன்னங்காலை நீட்டியது. ஊசியப்பன் தன் முதுகைத் திருப்பி வாகாக உட்கார்ந்தது. அந்த நேரத்தில் அல்லி செவலையின் காதோரம் வந்து கிசுகிசுத்தது.

"அண்ணே, கேட்டியா? அவர் பல்லைத் தீட்ட உன் கால்தான் கிடைச்சுதாம்!"

"சும்மா இரு அல்லி."

"நான் சும்மா இருக்கேன். முதுகைப் பாரு. பல்லால கடிக்கிறவருக்கு அத்தனை ஆணி எதுக்கு?"

செவலை பார்த்தது. முதுகு முழுக்க நீளநீளமாக, நுனி கூராக. அதுவரை அவை முள்ளாகத்தான் தெரிந்தன. அல்லி சொன்ன பிறகு ஒவ்வொன்றும் ஆணியாகத் தெரிந்தது. செவலை வெடுக்கென்று காலை இழுத்தது. ஊசியப்பன் திடுக்கிட்டது. திடுக்கிட்டால் முள்ளம்பன்றிக்கு முள் சிலிர்த்து நிற்கும். அது அதன் பிறவிக் குணம், பாவம். கலகலவென்ற சத்தத்தோடு அத்தனை முள்ளும் எழும்பி நின்றதைப் பார்த்ததும் செவலைக்குத் தலைகால் புரியவில்லை. எகிறி எழுந்து, ஊசியப்பனை ஓர் உதை உதைத்துத் தள்ளிவிட்டுக் குளத்துக்குள் முழங்கால் தண்ணீரில் போய் நின்றுகொண்டது.

ஊசியப்பன் புல்லில் உருண்டு எழுந்தது. விலாவில் நல்ல அடி. ஆனால் அது செவலையைத் திட்டவில்லை. அல்லியைத்தான் ஒரு பார்வை பார்த்தது.

"நீ காதுல என்ன ஓதினேன்னு எனக்குத் தெரியாது. கூட இருக்கிறவ நீ. நீயே எடுத்துச் சொல்லு. மனசு மாறினா கூப்பிடுங்க. பிந்திக் கூப்பிட்டா என்னால ஒண்ணும் ஆகாது, அதையும் சொல்லிட்டேன்."

அல்லி தலையை ஆட்டியது. எடுத்துச் சொல்வதாக வாயாலும் சொன்னது. ஊசியப்பன் நொண்டிக்கொண்டே பாறைப் பக்கம் போனது. அல்லி சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக அல்லி வேறு என்னென்னவோ சொன்னது. "உன் குளம்பு மாதிரி இந்தக் காட்டுல யாருக்கு இருக்கு? படகு கணக்கா எவ்வளவு அழகு!" என்றது. "வண்டி இழுத்து இழுத்து ஓடாய்த் தேய்ஞ்சவன் நீ. இனிமே உனக்கு எதுக்கு நடை?" என்றது. செவலைக்கும் கேட்க இதமாக இருந்தது. உண்மையில் குளம்பு கனத்துக் கணுக்கால் நோக ஆரம்பித்திருந்தது. ஆனால் நோவைவிட ஊசியப்பனின் முதுகு அதிகப் பயமாக இருந்தது. அதனால் நோவைப் பற்றிப் பேசுவதையே செவலை விட்டுவிட்டது.

சில சமயம் அல்லிக்கு உறுத்தும். செவலை ஓர் அடி எடுத்து வைக்க யோசித்து நிற்பதைப் பார்க்கும்போது, சொல்லிவிடலாமா என்று தொண்டைவரை வரும். அப்புறம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உண்ணி பொறுக்கப் போய்விடும். உண்ணி பொறுக்குவதில் மட்டும் அது ஒரு குறை வைக்கவில்லை. முன்னைவிட அதிகப் பாசமாகவே பொறுக்கியது.

கோடை வந்தது. அந்த வருஷம் மழை எப்படிக் கொட்டியதோ, வெயிலும் அப்படியே கொளுத்தியது. குளம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை விட்டு உள்ளே போனது. போகப் போகச் சேறு காய்ந்து வெடித்தது. புல் முதலில் மஞ்சளானது, பிறகு இல்லாமலே போனது. முதலில் பன்றிகள் கிளம்பின. பிறகு பேச்சி தன் கூட்டத்தோடு வந்து நின்றது.

"செவலையண்ணே, கிளம்புங்க. இன்னும் இருந்தா வழியில குடிக்கக்கூடத் தண்ணி இருக்காது."

செவலை கிளம்பியது. அல்லி முதுகில் இருந்தது. மண் தரையில் எப்படியோ போய்விட்டன. பாறை ஆரம்பித்த இடத்தில் குளம்பின் வளைந்த நுனி கல்லில் மாட்டியது. செவலை முன்னால் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது. எழுந்து இன்னோர் அடி வைத்தது. மறுபடி விழுந்தது. பேச்சி கீழே இறங்கி வந்து பக்கத்தில் நின்று பார்த்தது. குதிரையைத் தூக்கிக்கொண்டு போக மானால் முடியுமா? குட்டிகள் வேறு தண்ணீர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன.

"மேஸ்திரி வந்தாரே, என்னாச்சு?" என்று கேட்டது பேச்சி.

அல்லி முந்திக்கொண்டது. "அண்ணனுக்கு அவரைக் கண்டா பயம். நீங்க போங்க. குளத்துல இன்னும் தண்ணி இருக்கு. கோடை மழை வரும். நாங்க பார்த்துக்கிறோம்."

பேச்சி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. செவலை நொண்டியபடி குளத்துக்குத் திரும்பியது. அன்றைக்குச் சாயங்காலம் அல்லியின் மனதில் ஓரமாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இனி யாரும் வரமாட்டார்கள். செவலை இங்கேயே இருக்கும். நினைத்தது நடந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அல்லிக்கே வெட்கமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கோடை மழை வரவில்லை. குளம் குட்டையானது, குட்டை சேறானது. வெட்டுக்கிளியும் இல்லை, தவளையும் இல்லை. அல்லி பறந்து போய் எங்கேயாவது எதையாவது தின்றுவிட்டு வரும். செவலை எங்கே போகும்? விலா எலும்பு தெரிந்தது. முதுகில் உட்கார்ந்தால் எலும்பு குத்தியது. ஒருநாள் காலையில் அல்லி கண் விழித்தபோது செவலை மூக்கால் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. தோண்டிய பள்ளத்தில் ஊறிய கலங்கலை உறிஞ்சிக் குடித்துவிட்டு, மூக்கெல்லாம் சேறாக நிமிர்ந்து பார்த்தது.

"அல்லி, நீ குடிக்கிறியா? இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றது.

அல்லிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பறந்து நேரே பாறை இடுக்குக்குப் போனது.

"மேஸ்திரி! மேஸ்திரி! சீக்கிரம் வாங்க!"

ஊசியப்பன் வளைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பகலில் எழுப்பினால் அதற்குப் பிடிக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தது. அல்லியின் கோலத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டது. பிறகு வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதன் பின்னால் நடந்தது.

செவலை இந்தத் தடவை உதைக்கவில்லை. உதைக்கத் தெம்பும் இல்லை. ஊசியப்பனின் முதுகைப் பார்த்ததும் கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டது. ஊசியப்பன் கடிக்க ஆரம்பித்தது. கரக் கரக் என்று சத்தம் வந்தது. வளைந்த நுனி துண்டு துண்டாக உதிர்ந்தது. செவலை ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு மற்றக் கண்ணையும் திறந்தது.

"வலிக்கவே இல்லையே," என்றது. "ஆணி எங்கே மேஸ்திரி?"

"எந்த ஆணி?"

"முதுகுல இருக்கே."

"அது முள்ளுடா தம்பி. எங்க அம்மா வயித்துல இருந்து வரும்போதே அது இருக்கு. அதை எடுத்து யார் கால்ல நான் அடிக்கப் போறேன்?"

செவலை அல்லியைத் திரும்பிப் பார்த்தது. அல்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் ஊசியப்பன் நிறுத்திவிட்டது. அதன் உதட்டில் ரத்தம் இருந்தது. "இதுக்கு மேல போனா உசிருதான். இப்பவே ஓரத்துல பட்டுடுச்சு. இன்னும் பாதிக் குளம்பு எடுக்கணும். எடுக்க முடியாது. அன்னைக்கு ஆரம்பிச்சிருந்தா இந்நேரம் குளம்பு கல்லு மாதிரி நின்னிருக்கும்."

"மலை ஏறலாமா?" என்று கேட்டது அல்லி.

"ஏறக் கூடாது. ஆனா ஏறாம இங்கேயே இருந்தா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். போங்க. பாறைமேல நிக்காதீங்க, நின்னா மறுபடி காலைத் தூக்க முடியாது."

ஊசியப்பன் மலை அடிவாரம்வரை கூடவே வந்தது. வழியில் ஒரு தண்ணீர்விட்டான் கிழங்கைத் தோண்டிக் கொடுத்தது. செவலை அதை மென்று ஈரத்தை விழுங்கியது. பிறகு ஊசியப்பன் அங்கேயே நின்றுவிட்டது. அதன் குட்டைக் கால்கள் அவ்வளவு தூரம் ஏறாது.

செவலை ஏறியது. அல்லி முதுகில் உட்காரவில்லை. முன்னால் பறந்து போய், கால் வைக்க வாகான இடமாகப் பார்த்து நின்று, "இங்கே வை அண்ணே. அடுத்தது இங்கே," என்று சொல்லிக்கொண்டே போனது. செவலை கால் வைத்த பாறைகளில் சிவப்பாகத் தடம் விழுந்தது. அல்லி அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தது. முடியவில்லை. மலை முகட்டில் ஒற்றை வாகை மரம் ஒன்று நிற்கும். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் ஆறு வெள்ளைக் கோடாகத் தெரியும். செவலை அந்த நிழலுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"நிக்காதே அண்ணே. மேஸ்திரி சொன்னார்ல!"

"ஆறு தெரியுது அல்லி," என்றது செவலை. அப்படியே முன்னங்காலை மடித்துப் படுத்துவிட்டது.

அல்லி ஆற்றை நோக்கிப் பறந்தது. அதன் அலகு மீனைப் பிடிக்கும், பூச்சியைப் பிடிக்கும். தண்ணீரை எப்படிப் பிடிக்கும்? அலகு நிறைய அள்ளிக்கொண்டு கிளம்பினால் வழியிலேயே ஒழுகிப் போனது. அதனால் ஆற்றுக்குள் இறங்கி மார்பு இறகு முழுவதையும் நனைத்துக்கொண்டு பறந்தது. மலைக்காற்று அனலாக வீசியது. வாகை மரத்துக்கு வந்து சேர்வதற்குள் இறகு முக்கால்வாசி காய்ந்துவிட்டது. செவலை நாக்கை நீட்டி அந்த மிச்ச ஈரத்தை நக்கியது. அல்லி உடனே திரும்பப் பறந்தது. மறுபடி நனைந்தது, மறுபடி வந்தது. ஆற்றங்கரைக் கொக்குகள் துரத்தவில்லை. என்னவோ ஆகிவிட்டது என்று அவற்றுக்கும் புரிந்து ஒதுங்கி வழிவிட்டன. பொழுது இறங்கும்வரை அல்லி இப்படியே பறந்தது. கடைசியில் செவலையின் பக்கத்தில் வந்து விழுந்தபோது அதன் சிறகு தானாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அது ஆணி இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

செவலை காதை மட்டும் அதன் பக்கம் திருப்பியது.

"நீ ஆத்துக்குப் போனா என் இடம் போயிடுமேன்னு பயந்து அப்படிச் சொன்னேன். நீ இங்கேயே இருக்கணும்னுதான் சொன்னேன். உன் கால் போகும்னு நினைக்கலை. நினைச்சிருக்கணும்."

"மேஸ்திரி முள்ளுன்னு சொன்னப்பவே புரிஞ்சுபோச்சு அல்லி," என்றது செவலை. குரல் எழும்பவில்லை. "உன்னை மட்டும் சொல்லிக் குத்தமில்லை. நீ சொன்னது எனக்குத் தோதா இருந்துச்சு. அதான் நம்பினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "ஆனா என் இடத்தை யாருக்கும் கொடுக்காதேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஆத்துல யாரையும் முதுகுல ஏறவிட்டிருக்க மாட்டேனே. அதை ஏன் நீ சொல்லலை?"

அல்லிக்கு அந்த யோசனை ஒரு நாளும் வந்ததில்லை. அவ்வளவு சுலபமான ஒன்றை வாய் திறந்து கேட்டிருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. பதில் சொல்வதற்காக அது நிமிர்ந்து பார்த்தது. செவலையின் கண் ஆற்றுப் பக்கம் திறந்தபடியே இருந்தது. மூச்சு இல்லை.

அல்லி விடியும்வரை அங்கேயே இருந்தது. காதோரம் ஓர் உண்ணி ஊர்ந்தது. அதை எடுத்துக் கீழே போட்டது. தின்ன மனம் வரவில்லை.

ஆற்றங்கரையில் பேச்சி அதைக் கண்டதும், "செவலையண்ணன் எங்கே?" என்று கேட்டது. அல்லி நடந்ததை நடந்தபடி சொன்னது. ஒன்றையும் மறைக்கவில்லை. பேச்சி கேட்டுவிட்டுத் தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு விலகிப் போனது. திட்டியிருந்தால்கூட அல்லிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு மழை வந்தது. அல்லி மலையைத் தாண்டிக் குளத்துக்குத் திரும்பியது. குளம் நிறைந்து கிடந்தது. கரை முழுக்க இடுப்புயரத்துக்குப் பசும்புல். விரட்ட ஒரு கொக்கும் இல்லை, பங்கு கேட்க ஒருவரும் இல்லை. அல்லி என்ன ஆசைப்பட்டதோ அது அப்படியே கிடைத்திருந்தது. புல்லுக்குள் வெட்டுக்கிளிகள் கணக்கில்லாமல் இருந்தன. அவை கத்துவது காதைத் துளைத்தது. ஆனால் ஒன்றுகூட வெளியே துள்ளவில்லை. துள்ள வைக்க அங்கே நடக்கிற கால் எதுவும் இல்லை. அல்லி புல்லை அலகால் விலக்கி விலக்கிப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. அவ்வளவு தீனிக்கு நடுவில் அது பசியோடு நின்றது.

தன்னைவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்து தனக்கு வேண்டிய ஒருவரை நடக்கவிடாமல் செய்கிறவர், அவரையும் இழப்பார், அவரோடு சேர்ந்த தன் வாழ்வையும் இழப்பார்.